கண்ணாடித்தாள் கிழியாத பொஸ்தகம்

வாப்பா பேராண்டி. செருப்பை அங்கிட்டு விட்டுட்டு இந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. பாத்து, அந்த ஓரத்துல கயிறு தொங்கிப்போச்சு. அசந்தா குழிக்குள்ள விழுந்த ஆட்டுக்குட்டி மாதிரி கெடப்ப. நாளைக்கு நம்ம வீட்டு மொய் விருந்து, நூறு வேலை கெடக்குன்னு எனக்கும் தெரியும். ஆனா உங்கிட்ட ஒரு பஞ்சாயத்து பாக்கி இருக்கு. அதை முடிச்சுட்டுத்தான் கறிக்குச் சொல்லப் போறது.

போன பொங்கலுக்கு வந்தப்ப ஒரு அட்டைப்பெட்டியை வச்சுட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? "தாத்தா, உலகத்தைப் பத்தி நாம நெனச்சுக்கிட்டு இருக்கதையெல்லாம் பொரட்டிப் போடுற பொஸ்தகம்"னு சொன்ன. அடுக்கி வச்சுப் போட்டோ எடுத்து செல்போன்ல ஊருக்கெல்லாம் அனுப்பினியாம். தொறந்து பாத்தேன். பத்துப் பொஸ்தகம். எட்டுல மேல சுத்துன கண்ணாடித்தாளே கிழியல. ஏப்பா, பொரட்டிப் போடுற பொஸ்தகமா இருந்தாலும் மொதல்ல நாம அதைப் பொரட்டணும்ல?

உன் தங்கச்சிதான் ஒண்ணொண்ணாக் கிழிச்சா. தமிழ்ல இருந்ததை நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சேன். இங்கிலீசுல இருந்ததை அவ ராத்திரிச் சோத்துக்கப்புறம் இந்தத் திண்ணையில உக்காந்து எனக்குத் தமிழாக்கிச் சொன்னா. ஆடி பொறக்குறதுக்குள்ள பெட்டி காலி. காசு உன்னோடது, படிப்பு எங்களோடது. குத்தகை எப்பவும் அப்பிடித்தானப்பா. நெலத்துக்காரன் டவுன்ல இருப்பான், உழுறவன் ஊர்ல இருப்பான்.

இப்ப அதுல எதெதைப் படிக்கலாம்னு நான் உனக்குச் சொல்லப் போறேன். சிரிக்காத. என்கிட்ட ஒரே ஒரு படிதான் இருக்கு, அதுலதான் அளப்பேன். எழுதுனவன் மொதல்ல தான் அடி வாங்கியிருக்கணும். தன் நெனப்பு தப்புன்னு தலையில குட்டு வாங்குனவன் எழுதுனா அது பொஸ்தகம். ஊரான் எல்லாம் முட்டாள்னு மட்டும் எழுதியிருந்தா அது பாரம். அப்பிடி ரெண்டு இருந்துச்சு. கோழி மூடுற பஞ்சாரத்து மேல வச்சிருக்கேன், போய்ப் பாரு. ஒரு கோழி தப்பிக்கல.

மொதல்ல சுவீடன் நாட்டு டாக்டரு, ஹான்ஸ் ரோஸ்லிங். 'ஃபேக்ட்ஃபுல்னெஸ்'னு பேரு. 2018ல வந்துச்சு. மனுசன் அதுக்கு மொத வருசமே கண்ணை மூடிட்டாரு. மேடையில பேசிக்கிட்டே இருந்துட்டுக் கடைசியில வாளை விழுங்கிக் காட்டுன ஆளு. நம்ம ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தா நல்ல வசூலு. அவரு உலக நடப்பைப் பத்திக் கேள்வி எழுதி, ஒவ்வொண்ணுக்கும் மூணு விடை குடுத்து, 14 நாட்டுல 12,000 பேருக்குக் கிட்டக் கேட்டுப் பாத்தாரு. 12 கேள்விக்குச் சராசரியா ரெண்டுதான் சரி. கொரங்கு முன்னால மூணு வாழைப்பழத்தைப் போட்டு ஒண்ணை எடுக்கச் சொன்னாலே பன்னெண்டுல நாலு தேறும்னாரு. பெரிய பெரிய படிப்பாளியெல்லாம் கொரங்குக்குக் கீழதான்.

நான் சும்மா இருப்பேனா? டீக்கடையில போய்க் கேட்டேன். "உலகத்துல ஒரு வயசுப் பிள்ளைகள்ல நூத்துக்கு எத்தனைக்கு ஒரு தடுப்பூசியாவது போட்டிருப்பாங்க? 20ஆ, 50ஆ, 80ஆ?" மொத்தக் கடையும் 20ன்னுச்சு. பொஸ்தகத்துல இருக்க விடை 80. இதுல வேடிக்கை என்னன்னா, 20ன்னு சொன்ன அத்தனை பேரும் பேரப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊசிக்கு வரிசையில நின்னவன்தான். தன் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டது தெரியும். அடுத்த நாட்டுக்காரனும் தன் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பான்னு நம்ப மட்டும் மனசு வராது. நான் என்ன சொன்னேன்னு கேக்காத. கேக்காதன்னா விடு... சரி, 50.

இந்த டாக்டரை எனக்குப் புடிச்சதுக்குக் காரணம் வேற. 1972ல பெங்களூருக்குப் படிக்க வந்தாரு. நாலாம் வருச மாணவரு. மேல்நாட்டுக்காரன், வகுப்புல நாமதான் மொதல்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு. வாத்தியாரு ஒரு சிறுநீரகத்தோட எக்ஸ்ரேயை மாட்டி இது என்னான்னு கேட்டாரு. இவரு, பாவம் இந்தப் பிள்ளைக, நாம முந்திக்கிட்டுச் சொல்ல வேணாம்னு மரியாதைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தாராம். அதுக்குள்ள ஆளாளுக்குக் கையத் தூக்கிப் பிச்சு ஒதறிட்டாங்க. ஏதோ பெரிய டாக்டருக வகுப்புல தெரியாம வந்து உக்காந்துட்டோமோன்னு இவருக்குச் சந்தேகம். வெளியில வந்து விசாரிச்சா அவங்களும் நாலாம் வருசந்தான். அன்னைக்கு வாங்குன குட்டை மறைக்காம எழுதி வச்சிருக்காரு பாரு, அவரு டாக்டரு.

அடுத்தது வேலி. வேலியப் பத்தி எனக்கு யாரு சொல்லித்தரணும்? கிளுவை போட்டா பத்து வருசம், கள்ளி போட்டா காலத்துக்கும் நிக்கும். ஆனா ராய் மாக்ஸம்னு ஒரு வெள்ளைக்காரரு எனக்கே ஒரு வேலியக் காட்டிட்டாரு. லண்டன்ல பழைய பொஸ்தகங்களைச் செப்பனிடுற வேலை அவருக்கு. 1995ல ஒரு பழைய பொஸ்தகக் கடையில வாங்குன பொஸ்தகத்துல, அடிக்குறிப்பா பொடி எழுத்துல ஒரு சேதி. அந்தக் காலத்துல இந்தியாவுக்குக் குறுக்க ஒரு சுங்கக் கோடு இருந்துச்சு, சிந்து நதியில தொடங்கி மகாநதி வரைக்கும் 2,300 மைலு, கிட்டத்தட்ட 12,000 பேரு காவலு, அந்தக் கோட்டுல பெரும்பகுதி உயிர்வேலின்னு.

அவரு மொதல்ல என்ன நெனச்சாரு? நம்ம ஆளுக பண்ணுன கிறுக்குத்தனம், தேடிக் கண்டுபிடிச்சுச் சிரிக்கச் சிரிக்க எழுதலாம்னு கெளம்பினாரு. தோண்டுனா உள்ள இருந்தது உப்பு. ராசபுதனத்துப் பக்கம் சாம்பார் ஏரியில உப்பு மலிவு. கும்பினி ஆண்ட பக்கம் உப்புக்கு ஏகப்பட்ட வரி. அந்த மலிவு உப்பு ஒரு மடி இந்தப் பக்கம் வந்துரக் கூடாதுன்னு கருவேலு, இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளின்னு கலந்து நட்டு, தண்ணி ஊத்தி வளத்து, சில எடத்துல 14 அடி ஒசரத்துக்குக் கொண்டாந்திருக்கான். கொஞ்ச நாள் அந்த வேலியக் கவனிச்சு வளத்த அதிகாரி யாரு தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னால 1885ல காங்கிரசை ஆரம்பிச்சு வச்சாரே, அதே ஹியூம்தான். உலகத்துல யாரும் ஒரே சாயத்துல முக்கி எடுத்த துணி இல்லப்பா.

நான் ஆட்டுக்கு வேலி போட்டிருக்கேன், மாட்டுக்கு வேலி போட்டிருக்கேன். கஞ்சிக்கு உப்பு போயிரக் கூடாதுன்னு வேலி போட்டவனை இப்பத்தான் கேள்விப்படுறேன். 1879ல அதைக் கைவிட்டான். வேற வழியில வரி வாங்கத் தோது ஆயிருச்சு, அவ்வளவுதான். பொறவு மண்ணு தின்னு, ரோடு தின்னு, 1998ல எட்டாவா மாவட்டத்துல ஒரு மிச்சத்தை மாக்ஸம் கண்டுபிடிச்சாரு. சிரிக்கப் போனவரு தலை குனிஞ்சு வந்தாரு. நம்ம வேதாரண்யத்துல 1930ல ராஜாஜி நடந்து போய் உப்பு அள்ளுன கதையச் சின்ன வயசுல கேட்டப்ப, போயும் போயும் உப்புக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்னு நெனச்சவன் நான். இப்ப எனக்கும் தலை நிமிரல. 'உப்பு வேலி'ன்னு சிறில் அலெக்ஸ் தமிழ்லயே குடுத்திருக்காரு. தாய்மொழியில இருந்ததுக்கும் நீ கண்ணாடித்தாளைக் கிழிக்கலையே, அதை என்னன்னு சொல்ல?

அமர்த்தியா சென்னோட பஞ்சத்துப் பொஸ்தகம் கனம். 1981ல எழுதுனது, உன் தங்கச்சிக்கே நாக்கு வறண்டுருச்சு. ஆனா சாரம் ஒரு வரிதான். 1943 வங்காளப் பஞ்சத்துல 30 லட்சம் பேருக்குக் கிட்டச் செத்தாங்க. நெல்லு வெளையாமத்தான் செத்தாங்கன்னு நாம நெனப்போம். 1941ல வெளஞ்சது அதைவிடக் கொறச்சலு, அந்த வருசம் பஞ்சமே இல்ல. சண்டைக் காலத்துல வெலை ஏறிப்போச்சு, கூலிக்காரனுக்கும் மீன் புடிக்கிறவனுக்கும் கையில வாங்கத் தெராணி இல்ல. நெல்லு இருந்துச்சு, அவன் தட்டுக்கு வரல. அப்ப சென்னுக்கு ஒம்பது பத்து வயசு. வாசலுக்கு வர்ற குடும்பத்துக்கு ஒரு சிகரெட்டு டப்பா அரிசி குடுக்கலாம்னு தாத்தா அனுமதி குடுத்திருந்தாரு. ஒரு குடும்பத்துக்கு ஒரே டப்பா. அந்த டப்பாவுலதான் அவரு படிப்பு தொடங்கியிருக்கும்னு எனக்குத் தோணுது.

இப்ப நாளைக்கு நடக்கப் போறதுக்கு வருவோம். நீ வந்தொடனே மொகத்தைச் சுளிச்சுக்கிட்டு, "என்ன தாத்தா, மொய்யின்னு சொல்லிக் காசு வசூல் பண்றது பழைய காலத்துப் பழக்கம்"னியே, அதுக்கு ஒரு பொஸ்தகம் இருக்கு. நீ காசு குடுத்து வாங்குனதுதான். டேவிட் கிரேபர், 2011ல எழுதுனது, கடனோட 5,000 வருசக் கதை. பள்ளிக்கூடத்துல உனக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க? ஆதியில பண்டமாத்து, அது தோதுப்படல, அதனால காசு வந்துச்சு, கடைசியில கடன் வந்துச்சுன்னு. ஆடம் ஸ்மித் காலத்துலேருந்து இதைத்தான் சொல்றாங்க. கிரேபர் சொல்றாரு, முழுக்கப் பண்டமாத்துலயே ஓடுன ஊரை மனுசக் கூட்டங்களைப் படிக்கிறவங்க தேடித் தேடிப் பாத்தும் ஒண்ணு கூட ஆம்புடலையாம். மொதல்ல வந்தது கடன்தான். மெசபடோமியாவுல சாராயக் கடையில பற்று வச்சுக் குடிச்சுட்டு, அறுப்புக்கு அப்புறம் பார்லியா அளந்து குடுத்திருக்கான். காசுன்னு உருட்டி அடிச்சதெல்லாம் அதுக்கு ரொம்பப் பின்னால, 2,600 வருசத்துக்குள்ளதான்.

உன் தங்கச்சி இதைச் சொன்னப்ப நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். நம்ம மளிகைக் கடைப் பற்று நோட்டைத்தான அவரு மண்ணுக்குள்ளேருந்து தோண்டி எடுத்திருக்காரு! இன்னொண்ணு கேளு. ஆப்பிரிக்காவுல திவ்னு ஒரு சனம். பக்கத்து வீட்டுக்காரி மூணு முட்டை குடுத்தா, திருப்பி ரெண்டோ நாலோ குடுக்கணுமாம். சரியா மூணு குடுத்தா, உன் ஒறவே வேணாம்னு கணக்கை முடிக்கிற மாதிரி. நாளைக்கு நம்ம நோட்டுல என்ன எழுதப் போறோம்? நான் அவனுக்கு 5,000 செஞ்சிருந்தா அவன் பழசு 5,000த்தோட புதுசா ரெண்டாயிரம் சேத்துச் செய்வான். அந்த ரெண்டாயிரந்தான் கயிறு. அவன் வீட்டு விருந்துக்கு அது என்னை இழுத்துக்கிட்டுப் போகும். வெறும் 5,000த்தை வச்சுட்டுக் கை கழுவுனா, ஏதோ மனசு முறிஞ்சு போச்சுன்னு எலை போடுற பையனுக்குக் கூடத் தெரியும். நீ பழைய காலம்னு சொன்னதை ஒருத்தரு கண்டம் விட்டுக் கண்டம் தேடிப் பெரிய பொஸ்தகமா எழுதியிருக்காரு. கடன் மனுசனை எப்பிடிக் கழுத்தை நெரிக்கும்கறதும் அதுலயே இருக்கு. மொய்ய நம்பி வீட்டைக் கட்டி மூழ்குனவனும் நம்ம ஊர்ல உண்டு. அதையும் சொல்லிட்டேன், பொறவு தாத்தன் மறைச்சுட்டான்னு சொல்லாத.

தூக்கம் வருதா? அப்ப இதுக்குப் பதில் சொல்லு. மட்டையும் பந்தும் சேத்து 110 ரூவா. பந்தை விட மட்டை 100 ரூவா கூட. பந்து எம்புட்டு? என்னது, பத்தா? ஐ.டி. கம்பெனியில இதுக்குத்தான் சம்பளமா? அஞ்சுப்பா, அஞ்சு. டேனியல் கானமன், நோபல் பரிசு வாங்குனவரு, 2011ல எழுதுன பொஸ்தகத்துல இந்தக் கணக்குத்தான் இருக்கு. யோசிக்கிறதுக்கு முந்தி வாயி பதில் சொல்லிரும்கறாரு. ஆனா அதே பொஸ்தகத்துல ஒரு அத்தியாயத்துக்கு அவரு நம்புன ஆராய்ச்சிக சில, பொறவு திரும்பச் செஞ்சு பாத்தா நிக்கல. 2017ல, அந்தச் சின்னச் சின்ன ஆராய்ச்சிகளை நான் ரொம்ப நம்பிட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அவசரப்படாதன்னு ஊருக்குச் சொன்னவரும் அவசரப்பட்டிருக்காரு. அதைச் சொன்னாரு பாரு, அந்தப் பொஸ்தகத்தைப் பஞ்சாரத்துலேருந்து எறக்கி அலமாரியில வச்சுட்டேன்.

ஃபுகோகாவை உனக்குத் தெரியும், நம்மாழ்வார் அய்யா பேசுன கூட்டத்துல அடிபட்ட பேரு. 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. உழ வேணாம், உரம் வேணாம், நெல்லறுத்த வைக்கோலை அப்பிடியே நெலத்துல பரப்புன்னு சொன்ன ஜப்பான்காரரு. 'ஒண்ணும் செய்யாத வெவசாயம்'னு கேட்டதும் எனக்குச் சந்தோசம் தாங்கல. நாலு நாளு இதே கட்டில்ல படுத்துக் கெடந்தேன். அஞ்சாம் நாளு உங்க அப்பத்தா, அடுத்த பக்கத்தையும் படிக்கச் சொல்லி வெளக்கமாத்தோட வந்தா. படிச்சேன். அவரும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சிருக்காரு. அப்பா குடுத்த ஆரஞ்சுத் தோட்டத்துல கவாத்து பண்ணாம, இயற்கை பாத்துக்கும்னு விட்டாரு. கெளையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி, பூச்சி விழுந்து, தோட்டமே பட்டுப்போச்சு. கவனிக்காம விடுறது வேற, தேவையில்லாததைச் செய்யாம விடுறது வேறன்னு அப்பன் தோட்டத்தைக் கருக்கித்தான் அவரு கத்துக்கிட்டாரு.

கடைசி ஒண்ணு. இதுக்குத்தான் உன்னை உக்கார வச்சேன்.

சாய்நாத் 1996ல எழுதுனது. நல்ல வறட்சின்னா எல்லாருக்கும் ஆசைதான்னு பேரு. இருக்கதுலயே ஏழை மாவட்டமாப் பொறுக்கிப் போய் நடந்து நடந்து எழுதுனது. பலாமு பக்கம் வறட்சி நிவாரணத்துக்குச் சனங்க வச்ச பேரு மூணாவது போகம். அதை அறுக்குறவன் மட்டும் வெவசாயி இல்ல. இதைக் கேட்டு நான் தொடையத் தட்டிச் சிரிச்சேன். அதிகாரியத் திட்டுறதுன்னா நமக்கு எல்லாம் இனிக்கும்ல? சிரிச்சு முடிக்கல, உன் தங்கச்சி பக்கத்தைத் தள்ளி, "தாத்தா, இது நம்ம மாவட்டம்"னா.

நம்ம புதுக்கோட்டைதான். அறிவொளி இயக்கம் நடந்துச்சே, 1991, 92ல, அந்தக் கதை. எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட கையோட பொம்பளைக ஆயிரக்கணக்குல சைக்கிள் பழகினாங்க. கல்லு ஒடைக்கிறவ, வயக்காட்டுக்குப் போறவ, ஆயாம்மா, வாத்தியாரம்மா எல்லாரும். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆம்பளை சைக்கிளையே வாங்கினாங்க. அந்தக் குறுக்குக் கம்பியில பிள்ளைய உக்கார வைக்கத் தோதுன்னு அதையே புடிச்சும் போச்சாம். எல்லாம் அச்சுல இருக்கு.

அச்சுல இல்லாததை நான் சொல்றேன். அப்ப டீக்கடை பெஞ்சுல உக்காந்து, "கோழி பறக்குது பாருடா"ன்னு கேலி பேசுன கூட்டத்துல உன் தாத்தன் ஒருத்தன். உங்க அப்பத்தா கோயிலுக்குப் பின்னால நெலா வெளிச்சத்துல பழகுனது எனக்கு ஒரு மாசம் தெரியாது. முட்டி தேஞ்சிருந்ததைக் கேட்டதுக்கு வரப்புல வழுக்குச்சுன்னா. அதுக்கு முந்தி நம்ம முல்லைப் பூவை வீட்டு வாசல்ல வந்து எடுக்குற ஏவாரி சொன்னதுதான் வெலை. இவ சைக்கிள்ல கூடையக் கட்டிக்கிட்டுக் கமிசன் கடைக்கே போய்ப் போட்டா. ஒரு வருசத்துல நாம அடகு வச்ச தோடு திரும்பி வந்துச்சு. அதுவரைக்கும் நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன்? அவளுக்கு வெளியில போகப் புடிக்காதுன்னு. கல்யாணம் ஆகி இருவது வருசமா அதையே எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொன்னேன். வண்டி இல்லாமத்தான் இருந்திருக்கா.

உன் தங்கச்சி படிச்சு முடிச்சுட்டுப் பொஸ்தகத்தை மூடுனா. மூடிட்டு, ஏதோ தற்செயலாக் கேக்குற மாதிரி, "தாத்தா, எனக்கு மெட்ராஸ் காலேஜ்ல எடம் கெடைச்சா ஆஸ்டல்ல விடுவீகளா?"ன்னு கேட்டா. நான், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு..."ன்னு தொடங்கிட்டேன். பாதியில நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. வாசல்படியில பூத் தொடுத்துக்கிட்டு இருந்த அப்பத்தா நிமுந்து பாக்கக் கூட இல்ல. நாரை மட்டும் பல்லுல கடிச்சு அறுத்தா. அந்தச் சத்தம் போதும். பத்துப் பொஸ்தகத்துல எதைக் கடைசியில படிக்கணும், எந்த ராத்திரி படிக்கணும்னு அந்தக் கழுதை திட்டம் போட்டிருக்கு. ஊருக்கெல்லாம் நையாண்டி பண்றவன், பேத்தி வச்ச வலையில போய் நானே உக்காந்துட்டேன்.

நான் சரின்னுட்டேன். இப்பப் பஞ்சாயத்து உன் பக்கம். போன மாசம் போன்ல உங்க அப்பன்கிட்ட, "ஆஸ்டல் எல்லாம் சரிப்படாது, பக்கத்துலயே ஏதாச்சும் படிக்கட்டும்"னு சொன்னது நீதான? உலகத்தைப் பொரட்டிப் போடுற பத்துப் பொஸ்தகத்தைக் காசு குடுத்து வாங்குனவனே நீதான?

மொகத்தைத் தூக்காத. அந்த எட்டுல ஒண்ணுக்கு மட்டும் கண்ணாடித்தாளை அவ பத்திரமா எடுத்து மடிச்சு வச்சிருக்கா. உள்ள காலேஜ் விண்ணப்பத்தை வச்சிருக்கா, மழையில நனையக் கூடாதுன்னு. கையெழுத்து உங்க அப்பன் போடுவான். ஆஸ்டலுக்குக் கட்டுற பணம் உன்னோடது. நாளைக்கு மொய் நோட்டுல உன் பேருக்கு நேரா நானே எழுதுறேன். புதுசுன்னு எழுதவா, பழைய பாக்கின்னு எழுதவா? அதை மட்டும் யோசிச்சுச் சொல்லு. எந்திரி, கறிக்கடை மூடிருவான்.